ஷைனி எழுதிய தேதி

திங்கட்கிழமை காலையில் ஏரியூர்க் கடைத்தெரு வழியாக ஒரு ஸ்கூட்டி போகும். காலடியில் நீல நிற ஐஸ் பெட்டி, தோளில் ஒரு பை, முகத்தில் யாரையோ திட்டப்போகிற மாதிரி ஒரு பார்வை. அதுதான் ஷைனி. முதல் வருஷம் பெட்டியைப் பார்த்துவிட்டு "மீனுங்களா?" என்று கேட்டவர்கள் உண்டு. "ரத்தம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விடுவாள். கேட்டவர் அன்றைக்கு மீன் வாங்கியிருக்கமாட்டார்.

"நர்சம்மா" என்று கூப்பிட்டால் திரும்பமாட்டாள். "நான் நர்ஸ் இல்லைங்க, லேப் டெக்னீஷியன்" என்று நூறு தடவை சொல்லியிருப்பாள். நூற்றியோராவது தடவையும் அலுக்காமல் சொல்வாள். ஆனால் அவள் ஊசி போட்டால் வலிக்காது. இதை மட்டும் ஏரியூர் வட்டாரத்தில் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். கைக்கு ரப்பர் பட்டை கட்டி, இரண்டு விரலால் தடவி, "இங்கதான் ஒளிஞ்சிருக்குது" என்று நரம்போடு பேசிக்கொண்டே ஊசியை இறக்கிவிடுவாள். கர்ப்பிணிப் பெண் கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்து, எல்லா ஆயத்தமும் செய்துகொண்டு கண்ணைத் திறந்தால், பஞ்சு ஒட்டியிருக்கும்.

தருமபுரியில் நடக்கும் ஒரு ஆய்வில் அவளுக்கு வேலை. கரு கருப்பையில் ஒட்டிக்கொண்ட நாளிலிருந்து அதன் நஞ்சுக்கொடி சில புரதங்களைத் தாயின் ரத்தத்தில் கலக்கவிடும். ஆய்வில் அளப்பது மூன்றை. அவற்றில் இரண்டு, வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போகும், ஒன்று மட்டும் ஏறிப் பிறகு இறங்கும். எந்த வாரத்தில் எவ்வளவு இருந்தால் சரி என்று சொல்லும் அட்டவணைகள் எல்லாம் வெளிநாட்டுப் பெண்களை வைத்துப் போட்டவை. நம் பெண்களுக்கு நம் அட்டவணை வேண்டும் என்பதுதான் ஆய்வு. அதற்காக எந்தக் கோளாறும் இல்லாத இருநூற்று நாற்பது கர்ப்பிணிகளிடம் நாலு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து அளக்கவேண்டும்.

இதை மாமியார்களுக்குப் புரியவைப்பதுதான் பெரிய பாடு. "நல்லா இருக்கற புள்ளகிட்ட எதுக்கும்மா ரத்தம் எடுக்கற?" என்று கேட்காத மாமியார் கிடையாது.

"வெளிநாட்டுக்காரி அளவுல தெச்ச ஜாக்கெட்ட உங்க மருமகளுக்குப் போட்டா பத்துங்களா?" என்பாள் ஷைனி.

"அது எப்புடிப் பத்தும்?"

"அதுக்குத்தாங்க நம்ம ஆளுக்கு அளவு எடுக்கறோம். கைய நீட்டச் சொல்லுங்க."

இதற்கு மேல் ஒரு மாமியாரும் பேசியதில்லை.

ஷைனி பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் அருள்சாமி என்ற விவசாயியின் மூன்றாவது மகள். ராகியும் நிலக்கடலையும் போட்டு மூன்று பெண்களைப் படிக்கவைத்தவர் அவர். கோயில் ஃபாதர் சொன்னார் என்று மூன்றாமவளை லேப் படிப்புக்கு அனுப்பினார். படித்து முடித்துப் பென்னாகரத்தில் ஒரு சின்ன லேப்பில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தாள். ஒரு நாள் சர்க்கரை பார்க்கும் மெஷின் நின்றுபோனது. வெளியே பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். முதலாளி உள்ளே வந்து, "போன மாசம் வந்த ஆளுங்கதானே, அதையே கொஞ்சம் முன்னப்பின்ன மாத்தி எழுதிக் குடுத்துடும்மா" என்றார். ஷைனி வெள்ளைக் கோட்டைக் கழற்றி, நாலாக மடித்து, மேஜைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். பட்டுக்கூடு அங்காடியில் வேலை பார்க்கும் அவள் கணவன் இனிகோ ஏன், எதற்கு என்று எதுவும் கேட்கவில்லை. "சரி வுடு, வூட்ல ராகி இருக்குது" என்று மட்டும் சொன்னான். அந்த ஒரு பேச்சுக்காகவே அவனைக் காலம் முழுக்கச் சகித்துக்கொள்ளலாம் என்று அவள் இப்போதும் சொல்வாள்.

அளக்காததை அளந்ததாக எழுதக்கூடாது. பொய்யை எண்ணாக எழுதக்கூடாது. ஷைனிக்கு வேதம் அவ்வளவுதான். இந்த ஆய்வில் சேர்ந்த புதிதில் அதற்கும் ஒரு சோதனை வந்தது. முதல் நாற்பது பெண்களின் அளவுகள் எல்லாமே அந்தந்த வாரத்துக்குக் கொஞ்சம் தூக்கலாக இருந்தன. ஆய்வின் புள்ளிவிவரக் கணக்குப் பார்க்கிறவர் சென்னையிலிருந்து போன் செய்து, உங்கள் டெக்னீஷியன் கை சரியில்லை என்று சொல்லிவிட்டார். ஷைனிக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் படிவங்களை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனாள். போய்க் கேட்டால், கடைசி மாதவிலக்கு எப்போது என்ற கேள்விக்கு நாற்பதில் முப்பத்தொரு பேர் தலைக்கு ஊற்றிக்கொண்ட நாளைச் சொல்லியிருக்கிறார்கள். விலக்கான நாள் அதற்கு மூன்று, நாலு நாள் முந்தி. தலைக்கு ஊற்றிய நாள்தானே காலண்டரில் நினைவு நிற்கும்? கரு உண்மையில் நாலு நாள் மூத்தது, காகிதத்தில் நாலு நாள் இளையது. அளவு தூக்கலாகத் தெரியாமல் என்ன செய்யும்?

டாக்டர் கலைமணிதான் ஆய்வை நடத்துகிறவர். அவர் படிவத்தை மாற்றி, 'தூரமான முதல் நாள்' என்று தனியாகவும், 'தலைக்கு ஊற்றிய நாள்' என்று தனியாகவும் இரண்டு கட்டம் போட்டார். சென்னைக்காரருக்குப் போன் போட்டு, "எங்க டெக்னீஷியன் கை சரியாத்தான் இருக்கு, உங்க கேள்விதான் சரியில்ல" என்றும் சொன்னார். ஷைனி அன்றைக்கு லேப்பில் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தாள்.

ஆக, தன் எண்ணில் அவளுக்குச் சந்தேகமே வராது. வெண்மதி வந்தபோது அந்தத் தைரியத்தோடுதான் இருந்தாள்.

ஆவணி மாதம், ஒரு திங்கட்கிழமை. வெண்மதிக்கு இருபத்தொரு வயது. வைகாசியில் கல்யாணம் ஆனவள். மெலிந்த உடம்பு, தலை நிறையச் சாமந்தி. கூடவே மாமியார் செல்லம்மாள். ஷைனி பெண்ணைப் பார்த்துக் கேள்வி கேட்டால், பதில் மாமியாரிடமிருந்து வரும்.

"கடைசியா எப்பம்மா தூரமான?"

"ஆனி எட்டு. தலைக்கு ஊத்துனது ஆனி பதினொன்னு" என்றாள் செல்லம்மாள்.

"அவளச் சொல்லவுடுங்க."

"அவ சொன்னாலும் அதேதான். நாந்தான் கண்ணால பாத்தேனே."

வெண்மதி தலையாட்டினாள். செல்லம்மாளின் நாள் கணக்கு அந்த ஊரில் பேர்பெற்றது. யார் வீட்டு மாட்டுக்கு என்றைக்குச் சினை ஊசி போட்டார்கள், என்றைக்குக் கன்று போடும் என்பதை விரல் கணுவிலேயே எண்ணிச் சொல்லிவிடுவாள். கால்நடை டாக்டர் குறித்துவைத்த தேதி தவறினாலும் தவறும், அவள் சொன்ன தேதி தவறாது என்று தெருவே சொல்லும். ஷைனி எழுதிக்கொண்டாள். ஆனி எட்டு என்றால் இன்றோடு பத்து வாரம். ஆய்வில் வெண்மதியின் எண் நூற்று எண்பத்தேழு. ரத்தம் எடுத்தாள், பஞ்சு ஒட்டினாள், அடுத்தவளைக் கூப்பிட்டாள்.

மறுநாள் லேப்பில் பரிசோதனைத் தட்டை வைத்தாள். சின்னச் சின்னக் குழியாகத் தொண்ணூற்றாறு குழி இருக்கும். புரதம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு அடர்த்தியாக மஞ்சள் நிறம் ஏறும். ஒவ்வொருவர் ரத்தத்துக்கும் இரண்டு குழி, கைத்தவறு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். நூற்று எண்பத்தேழாம் எண்ணின் இரண்டு குழியும் மஞ்சள் கரைத்த பாத்திரத்தைக் கழுவி ஊற்றிய தண்ணீர் மாதிரி வெளிறிக் கிடந்தன. பத்து வாரக் கருவுக்கு இது எந்த மூலைக்கு? மற்ற இரண்டு புரதத்தையும் பார்த்தாள். அவையும் கீழேதான். மறுபடியும் ஒருமுறை போட்டாள். அதே எண்.

டாக்டர் கலைமணி பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "கரு தங்கலையோ என்னமோ ஷைனி. ஸ்கேனுக்குப் பன்னெண்டாவது வாரம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இப்பவே வரச்சொல்லு, நானே பாத்துடறேன்."

ஷைனி போன் செய்தாள். எடுத்தது செல்லம்மாள். "ஒண்ணும் பயப்படாதீங்க, டாக்டர் ஒரு ஸ்கேன் பாக்கணுங்கறாங்க, தருமபுரிக்குக் கூட்டியாங்க" என்றாள். பயப்படாதீங்க என்று சொன்னால் யார்தான் பயப்படாமல் இருப்பார்கள்? செல்லம்மாள் தருமபுரிவரை காத்திருக்கவில்லை. புதன்கிழமை காலையிலேயே பக்கத்து ஊரில் ஒரு தனியார் ஸ்கேன் இடத்துக்கு மருமகளைக் கூட்டிப்போய்விட்டாள். பேர் வேண்டாம்.

வியாழக்கிழமை காலை கிராம சுகாதார செவிலியர் ஷைனிக்குப் போன் செய்தார். "அந்த வெண்மதிக்கு வளர்ச்சி நின்னுபோச்சாம்மா. பத்து வாரத்துக்கு இருக்கவேண்டிய அளவுல பாதிகூட இல்லையாம், துடிப்பும் தெரியலையாம். தேதி உறுதிதானான்னு அந்த டாக்டர் ரெண்டு தடவ கேட்டிருக்காரு. அந்த மாமியாரம்மா சூடத்த அடிச்சு சத்தியம் பண்ணாத கொறதான். சனிக்கிழம காலைல கலைக்கற மாத்திர குடுக்கறாங்களாம்."

ஷைனி மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். செவ்வாய்க்கிழமை செல்லம்மாளுக்கு அவள் போன் செய்யாமல் இருந்திருந்தால் இவர்கள் ஸ்கேனுக்கே போயிருக்கமாட்டார்கள். இத்தனை வருஷத்தில் அவளுடைய எண் ஒன்று போய் ஒருத்தியின் வயிற்றில் கை வைப்பது இதுதான் முதல் தடவை. எண் சரி. அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த எண் சொல்வது என்ன?

மேஜைமேல் அவளுடைய அட்டவணை இருந்தது. இதுவரை அளந்த நூற்று எண்பத்தாறு பெண்களின் ரத்தம், கோடாக ஏறிப்போகிற படம். வெண்மதியின் எண்ணில் விரலை வைத்தாள். பத்து வாரத்தில் வைத்தால் கோட்டுக்கு வெகு கீழே அந்தரத்தில் நின்றது. விரலை அப்படியே இடதுபக்கம் நகர்த்திக்கொண்டே போனாள். ஆறாம் வாரத்தில் போய்க் கோட்டில் ஒட்டியது. இரண்டாவது புரதத்தையும் அப்படியே நகர்த்தினாள். ஆறாம் வாரம். மூன்றாவதும் ஆறாம் வாரம்.

ஓட்டமாக ஓடி டாக்டர் அறைக்குள் போனாள்.

"மேடம், கெட்டுப்போற கருன்னா ஒண்ணு முன்ன இறங்கும், ஒண்ணு பின்ன இறங்கும். மூணும் மூணு விதமாத்தான் பேசும். இங்க மூணும் ஒரே பேச்சு பேசுது. கரு நல்லாத்தான் இருக்குது. தேதிதான் தப்பு."

"தலைக்கு ஊத்தின நாள் கதையா மறுபடியும்?"

"இல்லைங்க மேடம், அதுன்னா அளவு தூக்கலா வரும். இது எதிர்ப்பக்கம். நாலு நாளும் இல்ல, நாலு வாரம்."

டாக்டர் யோசித்தார். ஆய்வுக்குத்தான் அவர் பொறுப்பு, ஆனால் வைத்தியத்துக்கு அந்தக் குடும்பம் வேறு டாக்டரிடம் போய்விட்டது. "உன் கோடு சொல்றத நான் நம்பறேன். ஆனா அவங்ககிட்ட சொல்ல ஒரு அளவு பத்தாது. இன்னிக்கு இன்னொரு தடவ ரத்தம் எடுத்துட்டு வா. நாளைக்குப் பாத்து, திங்கக்கிழமையவிட ஏறியிருந்தா நானே அந்த டாக்டர்கிட்ட பேசறேன். ஏறலைன்னா நாம வாய மூடிக்கணும்."

ஷைனி பென்னாகரத்துக்குப் பஸ் பிடித்து, அங்கே நிறுத்தியிருந்த ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஏரியூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. செல்லம்மாள் வாசலில் உட்கார்ந்து விதைக்கடலை பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் மகன் மாதவராஜ் டிராக்டரின் பக்கத்தில் வேலையில்லாமல் நின்றான்.

"இன்னும் எதுக்கும்மா வந்திருக்கற?" என்றாள் செல்லம்மாள். எழுந்திருக்கவில்லை. "நீ ரத்தம் எடுத்த மறுநாளே இப்புடி ஆயிப்போச்சு. நல்லா இருந்த புள்ள."

வேறு சமயமாக இருந்தால் ஷைனி திருப்பிக் கொடுத்திருப்பாள். இப்போது விழுங்கிக்கொண்டாள். "அம்மா, ஒரு வாரம் பொறுங்க. நாள் கணக்குல ஏதோ தப்பு இருக்குதுங்க. கரு சின்னது, அவ்வளவுதான்."

"என் கணக்குல தப்பா?" செல்லம்மாள் கையிலிருந்த கடலையை முறத்தில் போட்டாள். "ஆனி எட்டு அவ தூரமானா. ஆடி ஒண்ணாந்தேதி அவ ஆத்தா வூட்டுக்கு அனுப்பிச்சேன். புதுசாக் கட்டுன புள்ள, ஆடியில எப்புடி வூட்ல வச்சுக்கறது? ஆவணி பொறந்துதான் கூட்டியாந்தேன். அப்ப ஆனியில தங்குனதுதானே? அதுல எங்கம்மா தப்பு வரும்? பொறுக்கறதாவது. என் கூடப் பொறந்தவ, செத்த கருவ வயித்துல வச்சுக்கிட்டே செத்துப்போனா. பொறுங்க பொறுங்கன்னுதான் அன்னிக்கும் சொன்னாங்க. வந்தவ உசுரையும் வாங்கிட்டு நான் நிக்கமாட்டேன்."

ஷைனிக்கு அவள்மேல் இருந்த கோபம் எல்லாம் போய்விட்டது.

ஆனால் ஆடி என்ற வார்த்தை அவள் காதில் நின்றுபோனது. ஷைனி வீட்டில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். ஆடிக்குப் புதுப்பெண்ணைப் பிரித்து அனுப்பும் வழக்கம் கிடையாது, அதனால் அது அவள் கணக்கிலேயே வரவில்லை. ஆறு வாரக் கரு என்றால் தங்கியது நாலு வாரத்துக்கு முன்னால். பின்னோக்கி எண்ணினாள். ஆடி பதினெட்டு பக்கத்தில் வந்து நின்றது. நிமிர்ந்து மாதவராஜைப் பார்த்தாள். அவன் டிராக்டர் டயரில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"சரிங்க" என்றாள் ஷைனி. "மாத்திர குடுக்கறதா இருந்தாலும் உடம்புல ரத்தம் எவ்வளவு இருக்குது, என்ன குரூப்புன்னு பாத்துட்டுத்தான் குடுக்கணும். ஒரே ஒரு ஊசி. அதுக்காச்சும் வுடுங்க."

அது பொய்யில்லை. செல்லம்மாளும் தலையாட்டினாள். உள்ளே வெளிச்சம் போதவில்லை என்று சொல்லி ஷைனி வெண்மதியைப் பின்பக்கம் புளியமரத்தடிக்குக் கூட்டிப்போனாள். அழுது அழுது அந்தப் பெண்ணின் முகம் வீங்கிக் கிடந்தது. ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டே, நரம்பைத் தடவிக்கொண்டே, தலையைத் தூக்காமல் ஷைனி கேட்டாள்.

"ஆத்தா வூட்ல தூரமானியா?"

வெண்மதி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கிட்ட சொன்னது என்னையும் டாக்டரையும் தாண்டிப் போவாது கண்ணு."

"ஆடி நாலு" என்றாள் வெண்மதி. பிறகு வாய் கட்டவிழ்ந்த மாதிரி எல்லாம் வந்தது. "ஆடிப் பதினெட்டுக்கு அவரு வந்தாருங்க்கா. ஆத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னு ஒகேனக்கல்லுக்கு வண்டியில கூட்டிப்போனாரு. அவரு சிநேகிதர் வூடு அங்க இருக்குது. சாயந்தரமே கொண்டாந்து வுட்டுட்டாரு. அத்தைக்குத் தெரியாது. தெரிஞ்சா சித்திரையில புள்ள பொறக்கும், குடும்பத்துக்கு ஆவாதுன்னு கொன்னேபோடும். ஆனின்னு அத்தையே சொன்னாங்க. நானும் ஆமான்னுட்டேன். அதுக்குத்தாங்க்கா சாமி தண்டன குடுத்துடுச்சு. செய்யக்கூடாதத செஞ்சேன், புள்ளைய எடுத்துக்கிச்சு."

ஷைனி ஊசியை எடுத்துவிட்டு அவளை உற்றுப் பார்த்தாள். மூன்று நாளாக இந்தப் பெண் சாமியிடம்தான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். தான் சொன்ன 'ஆமா'வை வைத்துத்தான் டாக்டர் கருவை அளக்கிறார் என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது.

"லூசு" என்றாள் ஷைனி. அவள் கண்ணும் கலங்கியிருந்தது, அதனால்தான் திட்டினாள். "சாமி ஒண்ணும் எடுக்கல. பத்து வாரத்துப் புள்ளையத் தேடுனா ஆறு வாரத்துப் புள்ள எப்புடிக் கெடைக்கும்? அது இப்பத்தான் மொளச்சிருக்குது. நாளைக்குத் தெரிஞ்சுபோயிடும். நாளன்னைக்கு வரைக்கும் யாரு என்ன குடுத்தாலும் வாயில போடாத. நான் வர்ற வரைக்கும்."

"அத்தகிட்ட சொல்லிடாதீங்க்கா."

"நான் சொல்லமாட்டேன்" என்றாள் ஷைனி. சொல்லிவிட்டாளே தவிர, சொல்லாமல் அந்த அம்மாளை எப்படி நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை தட்டைப் போட்டுவிட்டு அவள் சாப்பிடப் போகவில்லை. மஞ்சள் ஏற ஏறப் பக்கத்திலேயே நின்றாள். திங்கட்கிழமை ரத்தத்தையும் வியாழக்கிழமை ரத்தத்தையும் ஒரே தட்டில் பக்கம் பக்கமாக வைத்திருந்தாள். கண்ணுக்கே தெரிந்தது. மெஷின் எண் சொன்னபோது மூன்று புரதமும் ஏறியிருந்தன, ஒன்று இரண்டு மடங்கையும் தாண்டியிருந்தது. கோட்டில் புள்ளி வைத்தாள். மூன்று நாளில் எவ்வளவு ஏறவேண்டுமோ அவ்வளவு ஏறி, கோட்டின் மேலேயே உட்கார்ந்தது. டாக்டர் கலைமணி அந்தத் தனியார் டாக்டருக்குப் போன் போட்டார். அவர் மாத்திரை தரமாட்டேன் என்று ஒப்புக்கொண்டார். "ஆனா இவரு இல்லைன்னா வேற எடத்துக்குப் போவாங்க. அந்தம்மாவ நீதான் கூட்டிட்டு வரணும்" என்றார் டாக்டர்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஷைனி போனபோது மூன்று பேரும் கிளம்பி நின்றார்கள். மாதவராஜ் ஒரு காரை வாடகைக்குக் கொண்டுவந்திருந்தான். ஷைனி வழியில் ஸ்கூட்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு, பையிலிருந்து அட்டவணையை எடுத்துக் காரின் முன்பக்கத்தில் விரித்தாள்.

"அம்மா, இது நம்ம பொண்ணுங்க ரத்தத்துல போட்ட கோடு. இது உங்க மருமக திங்கக்கிழம. இது வியாழக்கிழம. ஏறியிருக்குதுங்களா? செத்தது வளருங்களா?"

செல்லம்மாள் குனிந்து பார்த்தாள். எழுத்துத் தெரியாது அவளுக்கு. ஆனால் ஒரு புள்ளி கீழேயும் ஒரு புள்ளி மேலேயும் இருப்பது தெரியாதா?

"அப்ப எத்தன வாரம்ங்கற?"

"திங்கக்கிழமைக்கு ஆறு."

அவ்வளவுதான் ஷைனி சொன்னாள். செல்லம்மாளின் கட்டைவிரல் தானாக விரல் கணுக்களில் நகர ஆரம்பித்தது. மாட்டுக்கு எண்ணுகிற அதே எண்ணிக்கை. ஆவணியிலிருந்து பின்னோக்கிப் போய், ஆடிக்குள் நுழைந்து, ஓரிடத்தில் நின்றது. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். மறுபடியும் அங்கேயே நின்றது. வெண்மதி காரின் கதவைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றாள்.

"அம்மா" என்றான் மாதவராஜ். "ஆடிப் பதினெட்டு அன்னிக்கு நான்..."

"வாய மூடுறா" என்றாள் செல்லம்மாள். மகனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மருமகளின் வயிற்றைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "வண்டியத் தருமபுரிக்கு வுடு."

ஸ்கேன் அறையில் டாக்டர் கலைமணி திரையைத் திருப்பிக் காட்டினார். அரிசி அளவில் ஒன்று, அதற்குள் படபடவென்று ஒரு துடிப்பு. "ஆறு வாரம் அஞ்சு நாள். எல்லாம் சரியா இருக்கு" என்றார். வெண்மதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். செல்லம்மாள் அந்தத் துடிப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என் தங்கச்சிக்கு அன்னிக்கு இந்த மெசின் இல்லாமப் போச்சு" என்று சொல்லி வெளியே வந்துவிட்டாள்.

வெளியே ஷைனி படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தேதியைத் திருத்தினால் பழையதைக் கோடு போட்டு அடித்து, புதியதை எழுதி, எதனால் தவறு வந்தது என்றும் எழுதவேண்டும். ஆனி எட்டை அடித்துவிட்டு ஆடி நாலு என்று எழுதியிருந்தாள். காரணம் கேட்ட கட்டம் காலியாக இருந்தது. அந்தப் படிவம் சென்னைக்குப் போகும், கிராம செவிலியரும் பார்ப்பார், செவிலியர் பார்த்தால் தெருவும் பார்த்த மாதிரிதான். வெண்மதிக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. பொய் எழுதவும் கை வராது. பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள்.

செல்லம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இன்னா எழுதணும் அதுல?"

"தேதி எதனால தப்பாச்சுன்னு கேக்கறாங்க."

செல்லம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மாமியாக்காரிக்குக் கணக்கு தப்பிப்போச்சுன்னு எழுது. செல்லம்மாளுக்கு வயசாயிப்போச்சு, நாள் எண்ணத் தெரியலன்னு எழுது. ஊர்ல யாரு கேட்டாலும் நான் அதத்தான் சொல்லப்போறேன். அந்தப் புள்ளைய ஒருத்தரும் ஒரு வார்த்த பேசக்கூடாது."

"உங்க கணக்கு தப்பலைங்களே" என்றாள் ஷைனி.

"உனக்குத் தெரிஞ்சாப் போதும்" என்று எழுந்தாள் செல்லம்மாள். "சித்திரையில வெயிலு கொளுத்தும். ஒரு ஏர்கூலர் பாக்கணும்."

ஷைனி பேனாவைத் திறந்தாள். சர்க்கரை மெஷின் நின்றுபோன நாளில் வெள்ளைக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவள், அந்தக் கட்டத்தில், 'மாமியார் நாளைத் தவறாக எண்ணிவிட்டார்' என்று தெளிவான கையெழுத்தில் எழுதி, கீழே தன் பேரைப் போட்டாள்.